கோப்பை முந்தியது, தேயிலை பிந்தியது

பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவுப்பகுதிக்குப் போகும் தெருவில் அல்லைப்பிட்டி வருகிறது. பனையும் மணலும் பரவைக் கடலும் தவிர அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணியபடியே நம்மிற் பலர் அதைக் கடந்து போயிருப்போம். 1977ஆம் ஆண்டில் ஜோன் காஸ்வெல் என்ற தொல்லியல் அறிஞர் அந்த மணலை அகழ்ந்தபோது வெளிப்பட்டவை சீனக் கோப்பைகள், வட்டில்கள், சாடிகள் ஆகியவற்றின் உடைந்த துண்டுகள். சீனாவில் வட சோங் மரபினர் ஆண்ட காலத்தவை அவை. பதினோராம் நூற்றாண்டின் கடைக்கூறு, அல்லது பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம் என்று கணித்தார்கள். தென் சீனத்துக் குவாங்டொங் பகுதிச் சூளைகளில் வெந்த மண் அல்லைப்பிட்டிக் கரையில் வந்து புதைந்திருந்தது. 2018ஆம் ஆண்டில் ஷாங்காய் அருங்காட்சியகத்தார் நமது மத்திய கலாசார நிதியத்துடன் சேர்ந்து அதே இடத்தை மீண்டும் அகழ்ந்தார்கள்.

நேயர்களே, இந்தத் துண்டுகளோடு சேர்த்து வாசிக்க வேண்டிய கல்வெட்டொன்று நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் இருக்கிறது. 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு பொறிப்பித்தது. ஊராத்துறைக்கு வரும் பிறதேசத்து வணிகரைக் காப்பது பற்றியும், கப்பல் உடைந்தால் சரக்கை எப்படிப் பங்கிடுவது என்பது பற்றியும் அது பேசுகிறது. ஆனையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் கெட்டால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு வாணிபப் பண்டம் ஏற்றிய கப்பல் என்றால் சரிபாதி. சிங்கள மன்னன் ஒருவன் கடலோடி வணிகருக்குச் சட்டம் சொல்ல எடுத்துக்கொண்ட மொழி தமிழ் என்பதை நான் வகுப்பில் ஒவ்வொரு ஆண்டும் சொல்வதுண்டு. இன்றைக்கு நான் பார்க்க விரும்புவது வேறொன்று. குதிரைக்கு ஏன் இந்தச் சலுகை? குதிரை அரசனுக்கு வேண்டும், படைக்கு வேண்டும், இந்த மண்ணில் அது நன்றாகப் பெருகுவதில்லை.

இதே கவலை ஏறத்தாழ அதே காலத்தில் சீன அரசுக்கும் இருந்தது. வடக்கிலும் மேற்கிலும் இருந்த பகைவருக்கு நல்ல குதிரைகள் இருந்தன. சோங் அரசிடம் இல்லை. ஆனால் அதனிடம் தேயிலை இருந்தது. இறைச்சியும் பாலும் நெய்யுமாக உண்டு வாழ்ந்த திபெத்திய மக்களுக்கு அந்த இலை இல்லாமல் முடியாது என்ற நிலை வந்துவிட்டது. எனவே 1074ஆம் ஆண்டில் சிச்சுவானில் தேயிலைக்குக் குதிரை மாற்றுவதற்கென்றே அரச அலுவலகம் ஒன்று திறந்தார்கள். தேயிலையை ஏன் கட்டியாக அழுத்தினார்கள் என்ற கேள்விக்கு விடை இந்த மலைப்பாதையில்தான் இருக்கிறது. உதிரித் தேயிலை சாக்கில் இடத்தை அடைக்கும், நொறுங்கும், மழையில் நனையும். ஆவியில் இளக்கிக் கல்லால் அழுத்திய தேயிலையோ செங்கல்லைப் போல அடுக்கலாம், கோவேறு கழுதையின் முதுகில் ஏற்றலாம், எண்ணிக் கொடுக்கலாம். மொங்கோலியாவிலும் சைபீரியாவிலும் தேயிலைக் கட்டியே காசாகப் புழங்கிய காலமும் உண்டு. கடன் தீர்த்த பின் மிச்சத்தைக் காய்ச்சிக் குடிக்கக்கூடிய நாணயம் வேறெங்கே இருந்தது?

அரண்மனையிலும் அந்நாளில் குடித்தது கட்டித் தேயிலைதான். ஆனால் அது வேறு தரம். இலையை அவித்து, சாறு போகப் பிழிந்து, அரைத்து, நாகமும் பீனிக்ஸ் பறவையும் பொறித்த அச்சில் இட்டுக் காய வைத்தார்கள். குடிக்கும் வேளையில் கட்டியை வாட்டி, உடைத்து, திரிகையில் அரைத்து, சலித்து, கோப்பையிலிட்டு வெந்நீர் ஊற்றி, மூங்கில் துடைப்பத்தால் நுரைக்க அடித்தார்கள். அல்லைப்பிட்டியிற் கிடைத்த கோப்பைகள் தேநீருக்கென்று வனைந்தவை என்று நான் சொல்லவில்லை. ஆயினும் அவற்றை வனைந்த நாட்டில் அவை போன்ற கோப்பைகளில் தேநீர் நுரைத்துக் கொண்டிருந்தது. இங்கே கூழும் கஞ்சியும் மோரும் சிரட்டையிலும் செம்பிலும் இருந்தன. கள்ளுக்குப் பனையோலைப் பிளா இருந்தது. கோப்பை வந்துவிட்டது, அதற்குள் ஊற்ற வேண்டியது வந்து சேர எண்ணூறு ஆண்டுகள் ஆயின.

இடையிலே ஒரு தடவை அது மிக அருகில் வந்தது. மிங் மரபின் முதற் பேரரசர் 1391ஆம் ஆண்டில், அரண்மனைக்குத் திறையாகக் கட்டித் தேயிலை அனுப்ப வேண்டாம், உதிரி இலையே போதும் என்று ஆணையிட்டார். அரைப்பதும் அடிப்பதும் மெல்ல மறைய, இலையை வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்கும் வழக்கம் சீனமெங்கும் பரவியது. அதற்குப் பதினெட்டு ஆண்டுகளின் பின்னர், 1409 என்ற ஆண்டைத் தாங்கிய மும்மொழிக் கல்லொன்றைச் செங் ஹ என்னும் கடற்படைத் தலைவர் இலங்கைக்குக் கொண்டுவந்தார். 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல்லில் சீனம் புத்தரையும், தமிழ் தெனாவரை நாயினாரையும், பாரசீகம் இஸ்லாத்தையும் போற்றுகின்றன. பொன், வெள்ளி, பட்டு, நறும்புகைப் பொருள், எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் நீள்கிறது. கப்பலிலே மாலுமிகள் தேநீர் குடித்திருப்பார்கள். கடவுளருக்கு அதைக் காணிக்கையாக்கத் தோன்றவில்லைப் போலும்.

பேரரசரின் ஆணை தொலைவான எல்லையைத் தொடவில்லை. தென்மேற்கே யுன்னான் மலைகளில் கட்டித் தேயிலை தொடர்ந்தது. அங்கே வளர்வது அசாமில் வளரும் பெரிய இலைச் சாதி; பராமரிக்காது விட்டால் மரமாகவே நிமிர்ந்துவிடும். சுற்று மலைகளின் தேயிலையெல்லாம் வந்து கூடிய சந்தை ஊரின் பெயர் பூஅர். தேயிலைக்கும் அதுவே பெயராயிற்று. பறித்த இலையை வாட்டி, இரும்புத் தாச்சியில் சற்றே வறுத்து, உருட்டி, வெயிலிற் காய வைக்கிறார்கள். காய்ந்ததை நிறுத்து, ஆவி பிடித்து, துணிப் பையிற் சுற்றி, கல்லின் கீழ் வைத்து அழுத்துகிறார்கள். வழக்கமான வட்டு ஒன்றின் நிறை 357 கிராம். ஏழு வட்டுகளை மூங்கில் மடலிற் பொதிந்து கட்டினால் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. நமது பனங்கட்டிக் குட்டானைக் கண்டவர்களுக்கு இந்தக் கட்டு புதுமையாகத் தோன்றாது. பண்டம் மூச்சு விடவும் வேண்டும், பிரியாமல் பயணம் போகவும் வேண்டும். அதற்கு ஊரில் எந்த மடல் கிடைக்கிறதோ அது உதவுகிறது.

சொல்லைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் தமிழ் வாத்தியார் என்று என்னை யாரும் ஏற்கமாட்டார்கள். உலகமெங்கும் இந்த இலைக்கு வழங்கும் பெயர்கள் பெரும்பாலும் இரண்டு வேரிலிருந்து கிளைத்தவை. சீனத்தின் பெரும் பகுதியில் 'சா'. தரைவழி போனவர்களும் மக்காவோவிற் குடியிருந்த போர்த்துக்கேயரும் எடுத்துச் சென்றது அதுவே. புக்கியன் கரையோரத்து அமோய்த் துறையில் 'தே'. அந்தக் கரையோரத்து வணிகரோடு புழங்கிய ஒல்லாந்தர் 'தே' என்றே தம் நாட்டுக்குக் கொண்டு போனார்கள். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்டது 1658 முதல் 1795 வரை. நமது 'தேயிலை'யில் இருக்கும் 'தே' பெரும்பாலும் அவர்கள் வழி வந்ததாகவே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கேரளத்தார் 'சாயா' குடிக்க, நாம் 'தேத்தண்ணி' குடிக்கிறோம். நன்னூலார் எண்ணிய ஓரெழுத்து ஒருமொழிகளில் 'தே' உண்டு. அதற்குத் தெய்வம் என்று பொருள். அதற்கும் இதற்கும் உறவில்லை. 'தேனீர்' என்று கடைப் பலகைகளில் எழுதுகிறார்களே, அதற்கும் உறவில்லை. தேனும் நீருமாகக் கலந்து தருகிற கடை எதையும் நான் இன்னும் காணவில்லை.

இனி, கட்டித் தேயிலைக்கு யாழ்ப்பாணத்தார் மிக அண்மையில் வாழ்ந்த இடத்துக்கு வருவோம். அது மலாயா. 1885ஆம் ஆண்டில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகம் வரை மலாயாவின் முதல் ரயில் பாதை திறக்கப்பட்டது. உள்நாட்டு வெள்ளீயத்தைக் கடலுக்குக் கொண்டு போகவே அந்தப் பாதை. ஈயச் சுரங்கங்களில் இடுப்பளவு சேற்றில் நின்றவர்கள் தென் சீனத் தொழிலாளர். நிலையங்களிலும் அலுவலகங்களிலும் பேனாவோடு அமர்ந்தவர்களில் பெருந்தொகையினர் நம்மூர் மிஷன் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் கற்றுக் கப்பலேறிய யாழ்ப்பாணத்தார். மலாயாப் பென்சனில் எழுந்த வீடுகள் இன்றும் நம் கிராமங்களில் நிற்கின்றன.

அந்தச் சீனத் தொழிலாளர் குடித்தது குவாங்சி மாகாணத்து லியுபாவோத் தேயிலை. அவித்து, பெரிய மூங்கிற் கூடைகளில் மிதித்து அடைத்து, ஆற்றுவழியாகக் கன்ரனுக்கும் ஹொங்கொங்குக்கும், அங்கிருந்து மலாயாவுக்கும் வந்தது. வெப்பத்திலும் ஈரத்திலும் வேலை செய்யும் உடம்புக்கு அது நல்லது என்று நம்பினார்கள். சுரங்க முதலாளிகளே வாங்கிக் கொடுத்தார்கள். நல்ல லியுபாவோவுக்கு என்ன வாசனை இருக்க வேண்டும் என்று சீனர் சொல்கிறார்கள் தெரியுமா? பாக்கு வாசனை! வெற்றிலைத் தட்டத்தோடு வளர்ந்த நம்மவருக்கு இதைவிட நெருக்கமான வாசனை ஒன்று இருக்க முடியாது. அந்த ரயில் நிலையங்களில் வாழ்நாளைக் கழித்த நம் பாட்டன்மார் இந்தக் கூடைகளைக் காணாமல் இருந்திருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் பென்சனோடும் பிரம்புக் கதிரைகளோடும் ஊர் திரும்பியபோது அதைக் கொண்டுவர அவர்களுக்குத் தோன்றவில்லை. கூலியாள் குடிக்கும் கறுப்புத் தண்ணீர் என்று ஒதுக்கியிருக்கலாம். ஆங்கிலேயத் துரை பாலும் சீனியும் சேர்த்துக் குடித்ததுதான் நமக்கு நாகரிகமாகப் பட்டது.

இப்போது இந்தத் தேயிலை உலகெங்கும் விலை போகிறது. கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ உறவினர் உள்ளவர்கள் வாங்கிவரச் சொல்லலாம் என்பதால் சில விபரங்களைச் சொல்கிறேன். வட்டின் மேலுறையில் 7572 என்பது போல நான்கு இலக்கம் இருந்தால் அது செய்த ஆண்டென்று மயங்க வேண்டாம். முதல் இரண்டு இலக்கமும் அந்தக் கலவை வகுக்கப்பட்ட ஆண்டு, அதாவது 1975. மூன்றாவது இலையின் தரம். நான்காவது தொழிற்சாலை, 2 என்றால் மெங்காய். போன வருடம் அழுத்திய வட்டிலும் இதே எண் இருக்கும். வயது சொல்லி விற்பது இந்த வியாபாரத்தின் பெரிய தந்திரம். 2007ஆம் ஆண்டின் முற்பகுதியில் சீனாவில் பங்குச் சந்தை போல இதன் விலை ஏறி, சில மாதங்களில் சரிந்து, கையிருப்பு வைத்தவர்கள் பலர் நொந்துபோனார்கள். ஆகையால் கடதாசியை வாசிப்பதைவிட மூக்கை நம்புவது நல்லது. ஈர மண், பழைய மரப்பெட்டி, வைக்கோல் என்ற அளவில் வாசனை இருக்கலாம். மூக்கைக் குத்தும் பூஞ்சண நாற்றம் இருக்கக்கூடாது. பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்திருந்தால் எறிந்துவிட வேண்டியதுதான். லியுபாவோவில் மஞ்சள் மணிகள் போலப் படரும் ஒரு பங்கசு உண்டு. அதைப் பொற்பூ என்று கொண்டாடுகிறார்கள்.

பச்சை வகை, பழுத்த வகை என இரண்டு உண்டு. பச்சையாக அழுத்திய வட்டு, ஆண்டுக் கணக்கில் கிடந்து தானே முதிரும். இளமையிற் குடித்தால் கைப்பும் துவர்ப்பும் கடுக்காய்க்கு ஈடு. ஹொங்கொங் வாசிகள் முதிர்ந்ததைக் கேட்டார்கள். இருபது வருடம் காத்திருக்க வியாபாரியால் முடியாது. எனவே 1973ஆம் ஆண்டில் குன்மிங் தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு குறுக்கு வழியை வகுத்தார்கள். காய்ந்த இலையைக் குவித்து, நீர் தெளித்து, மூடி, இடையிடையே கிளறி, ஒன்றரை இரண்டு மாதம் விடுவது. உள்ளே சூடு ஏறும். பங்கசும் பற்றீரியாவும் பெருகி இலையைப் பழுக்க வைக்கும்.

இதைப் பற்றி வாசித்தபோது இதற்கு என்ன தமிழ் சொல்வது என்று யோசித்துக் கொண்டிருந்தேன். அண்மையில் மலேசியாவிலிருந்து வந்த முன்னாள் மாணவர் ஒருவர் பழுத்த வட்டொன்றைக் கொண்டுவந்து தந்தார். ஆசிரியர் அறையில் அதைக் காய்ச்சினோம். எல்லோரும் ஏதேதோ சொன்னார்கள். பௌதிகவியல் கற்பிக்கும் நண்பர், தோட்டக்காரரின் மகன், ஒரு மிடறு குடித்துவிட்டு, "இது பாடம் போட்ட சாமானெல்லோ!" என்றார். அவ்வளவுதான். புகையிலையை அடுக்கி, மூடி, சூடேற விட்டு, பிரித்து மாற்றி அடுக்கும் நம் தோட்டக்காரர்களின் சொல் அங்கே காத்துக் கொண்டிருந்தது. மலைநாட்டுத் தொழிற்சாலைகளிலும் தேயிலை 'புளிக்கிறது' என்பார்கள். உண்மையில் அது ஒட்சியேற்றம், நசுங்கிய இலை காற்றுப் பட்டுச் செம்மையாவது. நுண்ணுயிர் புகுந்து வேலை செய்யும் மெய்யான நொதித்தல் பாடம் போட்ட தேயிலையிலேயே நடக்கிறது.

காய்ச்சும் முறை எளிது. வட்டை உரலில் இடிக்க வேண்டாம். கூரிய மெல்லிய கத்தியை ஓரத்தால் செருகி, தட்டுத் தட்டாகப் பெயர்த்தெடுக்க வேண்டும், தூளானால் கைக்கும். ஏழு கிராம் இலைக்கு நூற்றியிருபது மில்லிலீற்றர் கொள்ளும் மூடிக் கோப்பை ஒன்று. இந்தக் கணக்கில் ஒரு வட்டு ஐம்பது தடவைக்குக் காணும். நன்றாகக் கொதித்த நீரை ஊற்றி உடனே வடித்து முதல் நீரை வீசிவிடுங்கள். அது தூசியைக் கழுவி இலையை இளக்குவதற்கு. பிறகு ஊற்றிப் பத்து விநாடியில் வடிக்க வேண்டும். அடுத்தடுத்த ஊற்றலுக்குச் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டினால் எட்டு, பத்துத் தடவை சாயம் இறங்கும். நம் வீடுகளிற் போலக் கேத்தலில் போட்டுக் கொதிக்கவிட்டால் கசாயம்தான் மிஞ்சும். பாலும் சீனியும் வேண்டாம். பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டு குடித்தால் சீனர் கோபிப்பார்களோ தெரியாது, எனக்கு அது நன்றாகவே இருந்தது. மிச்ச வட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காமல், மிளகாய் வறுக்கும் குசினியிலும் வைக்காமல், மண்பானையில் இட்டு வேறு அறையில் வையுங்கள்.

தண்ணீர்தான் நமக்குச் சிக்கல். சுண்ணக்கல்லின் மேல் வாழ்கிறோம். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கு அதற்குச் சாட்சி. வன்னீரிலே காய்ச்சிய தேநீரின் மேல் ஏடு போல ஒரு படலம் மிதக்கும், வாசனை மங்கும். எட்டாம் நூற்றாண்டில் தேயிலைக்கென்று முதல் நூல் எழுதிய லு யூ, மலை ஊற்று நீருக்கு முதலிடமும், ஆற்று நீருக்கு இரண்டாம் இடமும், கிணற்று நீருக்குக் கடைசி இடமும் கொடுத்தார். மலையும் இல்லாத, மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றைத் தவிர ஆறும் இல்லாத குடாநாட்டுக்கு இது பெருந்தீர்ப்பு. ஆனால் அவர் தொடர்ந்து ஒரு வழி சொல்கிறார். கிணற்று நீர்தான் கதி என்றால், பலர் அள்ளுகிற கிணற்றில் எடுக்கச் சொல்கிறார். அள்ள அள்ளத்தான் ஊற்று உயிரோடிருக்கும் என்று ஊரிலும் சொல்வார்கள்.

பலர் அள்ளுகிற கிணறு! நம் ஊர்களில் எத்தனை கிணறுகளில் எல்லோரும் அள்ள முடிந்தது?

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ரெய்லர் லூல்கந்துரவில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, மலைநாடு முழுவதும் தேயிலையாயிற்று. அதைப் பறித்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழி நடந்து வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோருக்கு நாடு கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை செல்ல வேண்டியிருந்தது. அவர்களின் கை பட்ட இலையின் தூள், சந்திக்குச் சந்தி தேத்தண்ணிக் கடையாக யாழ்ப்பாணத்தில் முளைத்தது. அந்தக் கடைகளுக்குள் வாங்கில் இருந்து குடிக்க எல்லோருக்கும் உரிமை இருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் வெளியே நின்று சிரட்டையிலோ போத்தலிலோ தகரப் பேணியிலோ வாங்கினார்கள். உதடு படாமல் அண்ணாந்து குடிக்க மூக்குப்பேணி செய்த சமூகம் நாம். யார் உதடு எதில் படலாம் என்பதில் நமக்கு நுட்பமான கணக்கு இருந்தது.

1957ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. ஐம்பதுகளின் பிற்பகுதியில் சிறுபான்மைத் தமிழர் மகாசபை தேநீர்க் கடைப் பிரவேசத்தை முன்னெடுத்துச் சில கடைகளைத் திறப்பித்தது. பல கடைகள் திறக்கவில்லை. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தைப் பொலிசார் தாக்கினார்கள். அதன் பின்னர் சங்கானையிலும் சாவகச்சேரியிலும் நெல்லியடியிலும் போராட்டம் நடந்தது, உயிர்கள் போயின. கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வெளிவந்தது. தேநீர்க் கடைக்குள் நுழைவதற்கு மனிதர் கொடுத்த விலையை அறிய விரும்பும் மாணவர்களை அதைத் தேடி வாசிக்கச் சொல்கிறேன். அல்லைப்பிட்டிக் கோப்பைத் துண்டுகளைச் சூளை சூளையாகப் பிரித்து ஆராய்ந்திருக்கிறார்கள். கடை வாசலில் தனியே தொங்கிய தகரப் பேணிகளை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வயதானவர்கள். கேட்டால் சொல்வார்கள், கேட்டு எழுதிக் கொள்ளலாம்.

பாடம் போட்ட புகையிலையைப் பற்றிச் சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது. அது வத்தையேறித் திருவிதாங்கூருக்குப் போன கதையை அடுத்த கிழமை பார்ப்போம், நேயர்களே.